வடக்கன்குளத்துக் கோயில்

நம் நாட்டுக் கோயில்களைப் பற்றிப் பேசுவோர் கோபுரத்தின் உயரத்தையும், தூண்களின் எண்ணிக்கையையும், சிற்பங்களின் எழிலையும் எடுத்துரைப்பது வழக்கம். இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருக்கும் கோயிலைப் பற்றி அவ்வாறு பேசப் போவதில்லை. அது ஒரு கத்தோலிக்கப் பங்குக் கோயில். வரலாற்று ஆசிரியர்களும் சட்ட அறிஞர்களும் அதனைப் பற்றி ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். அவர்களை ஈர்த்தது அதன் உயரமும் அன்று, அழகும் அன்று. தரையில் அது கிடக்கும் வடிவமே அவர்களை ஈர்த்தது. ஒரு கோயிலின் அடித்தள அமைப்பு ஒரு சமுதாயத்தின் மனத்தை எவ்வாறு காட்டிக் கொடுக்கும் என்பதற்கு அதனினும் சிறந்த சான்று கிடைப்பது அரிது.

அக்கோயில் இருக்கும் ஊர் வடக்கன்குளம். திருநெல்வேலி மாவட்டத்தின் தென்கோடியில், மேற்குத் தொடர்ச்சி மலை குமரி முனையை நோக்கித் தாழ்ந்து செல்லும் பகுதியில் அவ்வூர் அமைந்துள்ளது. மலையில் ஆரல்வாய்மொழி என்றொரு கணவாய் உண்டு. பழைய திருவிதாங்கூர் நாட்டுக்கும் பாண்டி நாட்டுக்கும் இடையே அதுவே வாயில். அக்கணவாயின் வழியே மேல்காற்று ஆண்டில் பல மாதங்கள் ஓயாமல் வீசும். பனை மரங்களும் செம்மண்ணும் நிறைந்த வறண்ட நிலம் அது. பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே அங்கே கிறிஸ்தவ சமயம் வேரூன்றிவிட்டது. வேளாளரும் நாடாருமாகிய இரு சமூகத்தாரும் பிறரும் அங்கே ஒரே சமயத்தைத் தழுவி, ஒரே குருவிடம் ஞானஸ்நானம் பெற்று, ஒரே கோயிலில் பூசை கண்டார்கள். ஆனால் ஒரே கோயிலில் ஒன்றாக இருந்தார்களா என்பது வேறு வினா. அவ்வினாவே இன்றைய பேச்சின் பொருள்.

வானொலியில் படம் வரைந்து காட்ட இயலாது. ஆதலால் மாணவ நண்பர்களை நான் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வலக்கையின் சுட்டு விரலையும் நடுவிரலையும் அகல விரித்து மேசையின்மேல் வையுங்கள். விரல்கள் இரண்டும் பிரிந்து செல்கின்றன. அடியில் அவை ஒன்றாகக் கூடுகின்றன. ஒவ்வொரு விரலையும் ஒரு நீண்ட கூடமாகக் கருதுங்கள். இரண்டும் கூடுமிடத்தில் ஒரே ஒரு பலிபீடம் நிற்பதாக எண்ணுங்கள். வடக்கன்குளத்தில் 1872-ஆம் ஆண்டின் கோயில் அமைந்தது இவ்வடிவில்தான். ஒரு கூடம் வேளாளருக்கு. மற்றொரு கூடம் நாடாருக்கு. ஒவ்வொரு கூடத்திற்கும் வாயில் வேறு. இரண்டையும் பிரித்து நின்றது ஒரு சுவர். ஒரு கூடத்தில் இருப்பவர் பீடத்தைக் காணலாம், குருவைக் காணலாம், அடுத்த கூடத்தில் இருப்பவரைக் காண இயலாது. மேலே இருந்து நோக்கினால் விரித்துப் போட்ட காற்சட்டையைப் போலத் தோன்றும் என்பதனால், 'காற்சட்டைக் கோயில்' என்னும் பட்டப் பெயரும் அதற்கு ஏற்பட்டது.

கேட்பதற்கு வேடிக்கையாக இருக்கிறது. ஆனால் அதைக் கட்டியவர்கள் வேடிக்கை மனிதர்கள் அல்லர். கற்றறிந்த சேசு சபைக் குருமார். 'கடவுள் முன் யாவரும் சமம்' என்று போதித்தவர்கள் எவ்வாறு இத்தகைய கட்டடத்தை எழுப்ப இசைந்தார்கள்? இதனை அறிய நாம் ஏறத்தாழ இருநூற்றைம்பது ஆண்டுகள் பின்னோக்கிச் செல்லுதல் வேண்டும்.

1606-ஆம் ஆண்டில் இராபர்ட் தெ நொபிலி என்னும் இத்தாலியக் குரு மதுரைக்கு வந்தார். தத்துவ போதகர் என்று தமிழ் உலகம் போற்றும் அப்பெரியார், இந்நாட்டு மக்களிடம் சமயத்தைக் கொண்டு செல்ல வேண்டுமாயின் இந்நாட்டு நடையுடை பாவனைகளை மேற்கொள்ள வேண்டும் என்று கருதினார். காவி உடுத்தார், புலால் நீக்கினார், தமிழும் வடமொழியும் கற்றார். பூணூல், குடுமி, சந்தனம் முதலியவை சமயச் சின்னங்கள் அல்ல, சமூக வழக்கங்களே என்பது அவர் வாதம். 1623-ஆம் ஆண்டில் பதினைந்தாம் கிரகோரி பாப்பரசர் சில வரையறைகளோடு அவ்வாதத்தை ஏற்றுக்கொண்டார். இதனால் தமிழ் உரைநடைக்கும் சமய உரையாடலுக்கும் விளைந்த நன்மை பெரிது. ஆனால் அதே வாதத்தில் ஒரு சிக்கலும் உடன் வந்தது. குடுமி சமூக வழக்கம் எனின், சாதியும் சமூக வழக்கம்தானே? குடுமியை வைத்துக்கொண்டு கிறிஸ்தவனாகலாம் எனின், சாதியை வைத்துக்கொண்டும் ஆகலாம் அன்றோ? அவ்வாறே ஆயிற்று. உயர்ந்தோர் எனப்பட்டாரிடையே பணியாற்றியவர்கள் சந்நியாசிக் குருமார். மற்றவரிடையே பணியாற்ற 1640-ஐ ஒட்டித் தோன்றியவர்கள் பண்டார சுவாமிகள். 1744-ஆம் ஆண்டில் பதினான்காம் பெனடிக்ட் பாப்பரசர் விடுத்த ஆணைக்குப் பின், தாழ்த்தப்பட்டோரிடையே பணியாற்றவென்றே தனிக் குருமாரை அமர்த்தும் ஏற்பாடும் உண்டாயிற்று. சமயம் ஒன்று, அதனிடம் செல்லும் வழிகள் பல. பின்னர் வடக்கன்குளத்தில் செங்கல்லாக எழும்பியது இந்த ஏற்பாடே.

அந்த ஆணைக்கு அடுத்த ஆண்டு, அதாவது 1745, நம் கதையில் இருமுறை வருகின்றது.

அவ்வாண்டு புதுச்சேரியில் நிகழ்ந்த ஒன்றை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் பதிந்து வைத்திருக்கிறார். அங்குள்ள கோயிலின் உள்ளே ஒரு சுவர் இருந்தது. அதன் ஒரு புறம் பறையர் சமூகத்துக் கிறிஸ்தவர்கள். மறுபுறம் மற்றைச் சாதியாரும் ஐரோப்பியரும். தாழ்த்தப்பட்ட மக்கள் பெரிய குருவிடம் சென்று, தாங்களும் அவருடைய சீடர்கள்தாமே, தங்களை மட்டும் சுவரால் ஒதுக்குவது நியாயமா என்று கேட்டார்கள். குருவுக்கு அந்த முறையீடு நியாயமாகவே பட்டது, சுவர் இடிக்கப்பட்டது. மற்றைச் சாதியார் கொதித்தெழுந்தார்கள். இங்கு நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சுவர் கூடாது என்ற எண்ணம் பிற்காலத்து ஐரோப்பியக் கல்வியால் வந்தது என்று சிலர் கூறுவர். அன்று. சுவருக்கு மறுபுறம் உட்கார வைக்கப்பட்டவர்களே, ஏறத்தாழ இருநூற்றெண்பது ஆண்டுகளுக்கு முன்னரே, தம் வாயால் அதைக் கேட்டுவிட்டார்கள்.

அதே 1745-ஆம் ஆண்டு மே மாதம் 14-ஆம் நாள் வடக்கன்குளத்தில் ஒருவர் ஞானஸ்நானம் பெற்றார். அவர் நட்டாலத்தில் பிறந்த நீலகண்ட பிள்ளை; திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரின் அரண்மனை அலுவலர். 1741-இல் குளச்சல் போரில் சிறைப்பட்டுப் பின் அம்மன்னரிடமே படைத்தலைவரான டிலனாய் என்பவரிடம் அவர் கிறிஸ்தவ சமயத்தைப் பற்றிக் கேட்டறிந்தார். டிலனாய் அவரைக் கணவாய்க்கு இப்புறம் வடக்கன்குளத்தில் இருந்த புத்தாரி என்னும் சேசு சபைக் குருவிடம் அனுப்பி வைத்தார். லாசர் என்னும் விவிலியப் பெயருக்கு நேரான தமிழ்ப் பெயராகிய தேவசகாயம் என்பது அவருக்குச் சூட்டப்பட்டது. அவர் ஊர் திரும்பி, தாழ்ந்தவர் என ஒதுக்கப்பட்டாரோடு கலந்து உறவாடினார்; மக்கள் யாவரும் சமம் என்று வற்புறுத்தினார். 1749-இல் சிறைப்பட்டார். 1752 ஜனவரி 14-ஆம் நாள் ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடி மலையில் சுடப்பட்டு மாண்டார். அவர் உடல் கோட்டாறு சவேரியார் கோயிலில் அடக்கமாயிற்று. அவருடைய மனைவி ஞானப்பூ அம்மையாரோ வடக்கன்குளத்திலேயே தம் இறுதி நாட்களைக் கழித்து அவ்வூர் மண்ணிலேயே அடங்கினார். சாதி வேற்றுமை பாராமையால் உயிர் துறந்தவரின் ஞான வாழ்வு தொடங்கிய அதே பங்கில்தான், நூற்றிருபத்தேழு ஆண்டுகள் கழித்துச் சாதியால் பிளந்த கோயில் எழும்பியது. வரலாறு இவ்வாறு முரண்பட்டு நடப்பதுண்டு.

இனி பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு வருவோம். 1773-இல் உரோமாபுரி சேசு சபையைக் கலைத்தது; 1814-இல் மீண்டும் நிறுவியது. 1838-ஐ ஒட்டி பிரெஞ்சுக் குருமார் மதுரை மறைத்தளத்தை மீண்டும் ஏற்றபோது அவர்கள் கண்ட தென்னாடு பழைய தென்னாடாக இல்லை. நாடார் சமூகம் விழித்தெழுந்துகொண்டிருந்தது. கல்வி, வணிகம், சமயமாற்றம் ஆகிய மூன்று வழிகளாலும் அச்சமூகத்தார் முன்னேறத் தொடங்கியிருந்தனர். கணவாய்க்கு அப்பால் திருவிதாங்கூரில் நாடார் சமூகப் பெண்கள் மார்பை மறைத்து ஆடை உடுக்கும் உரிமைக்காக நடந்த போராட்டம் 1859-ஆம் ஆண்டின் அரச அறிவிப்பில் வந்து முடிந்தது. அப்போராட்டத்தின் அதிர்ச்சி கணவாய்க்கு இப்புறமும் உணரப்பட்டிராமல் இருந்திருக்குமா? நேற்றுவரை பின்னால் நின்றவர்கள் இன்று முன்னால் நிற்க வேண்டும் என்கிறார்கள். நேற்றுவரை முன்னால் நின்றவர்கள் அது எங்கள் இடம் என்கிறார்கள். இப்பூசல் வடக்கன்குளத்துக் கோயிலுக்குள்ளும் புகுந்தது.

குருமாருக்கோ இன்னொரு கவலையும் இருந்தது. மனம் வருந்திய கட்சியார் வேறிடம் போய்விடக் கூடும். போவதற்கு இடமும் இருந்தது. போர்த்துக்கேய மன்னரின் பழைய உரிமையை நாட்டிய கோவைக் குருமார் ஒருபுறம். புராட்டஸ்தாந்து சங்கத்தார் மறுபுறம். அண்மையிலுள்ள இடையன்குடியில்தான் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் இயற்றிய கால்டுவெல் பல்லாண்டு வாழ்ந்து கோயில் எழுப்பிக்கொண்டிருந்தார். ஒரு சமூகத்தார்க்கு இணங்கினால் மற்றொரு சமூகத்தாரை இழக்க நேரும். இருவரையும் இழக்காமல் இருக்க வழி என்ன? இருவருக்கும் தனித்தனிக் கூடம். இருவருக்கும் பொதுவாக ஒரு பீடம். 1872-ஆம் ஆண்டின் அமைப்பு இவ்வாறு ஒரு சமரசமாகப் பிறந்தது.

இவ்விடத்தில் கட்டடக் கலையை ஒட்டிச் சிலவற்றைக் கூறுதல் வேண்டும். ஐரோப்பியக் கிறிஸ்தவக் கோயிலின் பொதுவான அமைப்பு ஒரு நீண்ட கூடம். வாயிலில் நுழைந்தவன் நேரே நடந்து பீடத்தை அடைவான். கூடத்திற்குக் குறுக்கே இரு கைகளைப் போலப் பக்கக் கூடங்கள் அமையுமானால், அது சிலுவை வடிவம் பெறும். அவ்வடிவத்தின் உட்பொருள், சபை முழுவதும் ஒரே உடலாய் ஒரே திசை நோக்கி நிற்கின்றது என்பது. நம் நாட்டுக் கோயிலிலோ கருவறை, அர்த்த மண்டபம், மகா மண்டபம் என்று படிப்படியாக உள்ளே செல்லும் அமைப்பு. யார் எந்த மண்டபம்வரை செல்லலாம் என்பதைக் கொண்டே பழைய காலத்தில் மனிதனின் தகுதியை அளந்தார்கள். வடக்கன்குளத்துக் கோயில் இவ்விரண்டிலும் சேராது. அங்கே முன்பின் என்ற படிநிலை இல்லை. இடம் வலம் என்ற பிரிவினை உண்டு.

இத்தகைய அமைப்பு உலகில் இது ஒன்றே என்று எண்ண வேண்டா. ஜெர்மனியில் ஃபிராய்டன்ஷ்டாட் என்னும் ஊரில் 1601-க்கும் 1608-க்கும் இடையே கட்டப்பட்ட லுத்தரன் கோயில், தச்சரின் மூலைமட்டத்தைப் போல இரு கைகளாய் மடங்கியது. ஒரு கையில் ஆடவர், மற்றொரு கையில் பெண்டிர், பீடம் மூலையில். ஒருவரை ஒருவர் காணாமல் இருவரும் போதகரைக் காணலாம். ஆகவே மனிதரைப் பிரிக்க வேண்டும், வழிபாட்டைப் பிரிக்கலாகாது என்ற இக்கட்டு எங்கு நேர்ந்தாலும் கட்டடக் கலைஞனின் கோல் இதே விடையைத்தான் வரைந்திருக்கிறது. வேறுபாடு என்னவெனில், அங்கே பிரிந்து இருந்த ஆடவரும் பெண்டிரும் வழிபாடு முடிந்ததும் ஒரே வீட்டிற்குச் சென்று ஒரே அடுப்பில் சமைத்ததை உண்டார்கள். இங்கே கோயிலில் பிரிந்தவர்கள் கோயிலுக்கு வெளியேயும் பிரிந்தே இருந்தார்கள்.

இரு கூடங்களை உடைய அக்கோயிலில் பீடம் மட்டும் ஏன் ஒன்றாக இருந்தது என்பதை நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். இரண்டு கோயில்கள் கட்டியிருந்தால் பூசலே எழுந்திராதே! ஆனால் இரண்டு பீடம் என்றால் இரண்டு பங்கு. இரண்டு பங்கு என்றால் இரண்டு சபை. சாதி கேட்டதையெல்லாம் கொடுக்கச் சம்மதித்த குருமாரும் அந்த ஒன்றை மட்டும் கொடுக்கவில்லை. எனவே அக்கோயிலின் அமைப்பில் இரண்டு செய்திகள் ஒருசேர எழுதப்பட்டிருக்கின்றன. விட்டுக்கொடுத்தது எது என்பதைக் கூடங்கள் கூறுகின்றன; விட்டுக்கொடுக்க முடியாதது எது என்பதைப் பீடம் கூறுகின்றது. ஒரு கட்டடத்தை வரலாற்று ஆவணமாகப் படிப்பது என்பதன் பொருள் இதுவே.

சமரசம் அமைதியைத் தந்ததா? இல்லை. இடைக்கால ஏற்பாடு என்று ஒன்றைச் செய்யும்போது அதை வாய்ச்சொல்லோடு நிறுத்திக்கொண்டால், நாளை அதை மாற்றுவது எளிது. செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிவிட்டாலோ, அதற்குக் கீழே ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்துவிடுகின்றது. அத்தலைமுறைக்கு அது ஏற்பாடாகத் தோன்றாது, மாமூலாகத் தோன்றும். மாமூல் உரிமையாகும், உரிமை வழக்காகும். 1872-இல் குருமார் தயவாகக் கொடுத்ததை, முப்பத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின் மக்கள் தமக்குச் சட்டப்படி உரியது என்று கேட்கும் நிலை வந்தது.

1910-ஆம் ஆண்டில் திருச்சபை அதிகாரிகள் அச்சுவரை அகற்றினார்கள். நாற்பதாண்டுக்கும் குறைந்த காலத்தில், கட்டிய திருச்சபையே இடித்தது. உடனே பிள்ளை, முதலியார் பட்டமுடைய கிறிஸ்தவர் சிலர் திருச்சிராப்பள்ளி மேற்றிராணியார்மீது வழக்குத் தொடுத்தனர். அவர்கள் கேட்டவை இரண்டு. அகற்றிய சுவரை மீண்டும் எழுப்பித் தரும்படி நீதிமன்றம் மேற்றிராணியாருக்குக் கட்டளையிட வேண்டும்; பீடத்தருகே நின்று பணிவிடை செய்யும் உரிமை தங்களுக்கே உரியது என்று அறிவிக்க வேண்டும். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றது. மைக்கேல் பிள்ளை எதிர் பார்த் என்று சட்ட நூல்கள் அவ்வழக்கைக் குறிப்பிடுகின்றன. அதன் தீர்ப்பு 1917-ஆம் ஆண்டின் சட்ட அறிக்கைகளில் அச்சாகியுள்ளது.

இவ்வழக்கின் அருமையை உணர வேண்டுமானால், அதற்குச் சில ஆண்டுகள் முன்னர் முடிந்த மற்றொரு வழக்கை அருகே வைத்துப் பார்க்க வேண்டும். 1897-இல் கமுதியில் மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார் சமூகத்தார் சென்று வழிபட்டனர். அதன்மீது எழுந்த வழக்கு இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரை சென்றது. 1908-இல் அக்கவுன்சில், வழிவழி வந்த வழக்கத்தின்படி அவர்களுக்கு அங்கு நுழையும் உரிமை இல்லை என்று தீர்ப்புக் கூறிவிட்டது. வழக்கமே சட்டம் என்பது அக்காலத்து நீதிமன்றங்களின் கொள்கை. அக்கொள்கைப்படி நோக்கினால் வடக்கன்குளத்தில் சுவர் கேட்டவர்களும் வழக்கத்தைத்தானே காட்டினார்கள்? அவர்கள் வெல்வார்கள் என்று அன்று எவரேனும் எதிர்பார்த்திருந்தால் அது வியப்பன்று.

ஆனால் அவர்கள் வெல்லவில்லை. நீதிபதிகள் கோரிக்கையின் வேரைத் தேடிச் சென்றார்கள். இவர்கள் கேட்பது என்ன? பிறரோடு தீண்டல் நேராமல் இருக்கும் உரிமை. அவ்வுரிமைக்கு மூலம் எது? தீட்டு என்னும் எண்ணம் ஒன்றே. தீட்டு என்பது இந்து சமய ஆசாரத்தில் சட்டம் ஒப்புக்கொள்ளும் ஒரு கருத்தாக இருக்கலாம். அச்சமயத்தை விட்டு நீங்கியவர்கள் அவ்வாசாரத்தின் துணையை நாடி நீதிமன்றத்திற்கு வர இயலாது. கிறிஸ்தவரிடையே, அருகில் ஒருவர் அமர்வதனால் ஆன்மிக நட்டமும் இல்லை, உலகியல் நட்டமும் இல்லை. நட்டம் இல்லாத இடத்தில் வழக்கும் இல்லை. இதுவே தீர்ப்பின் சாரம். சுவர் மீண்டும் எழவில்லை.

மாணவ நண்பர்கள் இத்தீர்ப்பைக் கூர்ந்து நோக்க வேண்டும் என்பது என் விருப்பம். அது நல்ல தீர்ப்பு; ஆனால் குறுகிய தீர்ப்பு. தீட்டு என்பது பொய் என்று நீதிமன்றம் கூறவில்லை. தீட்டு உங்களுடையது அன்று என்றுதான் கூறியது. கமுதியில் நின்றவருக்கு அத்தீர்ப்பினால் ஒரு பயனும் இல்லை. ஒரே சமூகத்தைச் சேர்ந்த ஒருவர் வடக்கன்குளத்துக் கோயிலில் பீடம் காணச் சட்டம் கதவைத் திறந்தது. கமுதிக் கோயில் வாயிலில் அதே சட்டம் கதவை மூடியது. அந்த முரண்பாடு நீங்க மேலும் பல்லாண்டுகள் ஆயின. 1936-இல் திருவிதாங்கூர் அரசரின் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது. 1939 ஜூலை 8-ஆம் நாள் மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் கதவு திறந்தது. 1947-இல் சென்னை மாகாணக் கோயில் நுழைவுச் சட்டம் வந்தது. 1950-இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பின் பதினேழாம் பிரிவு தீண்டாமையை எந்த வடிவிலும் ஒழித்ததாக அறிவித்தது. உன் சமயம் எது என்று கேளாமல் பேசிய முதற்சட்டம் அதுவே எனலாம்.

சுவருக்காக வழக்காடியவர்களை இழித்துரைப்பது என் நோக்கமன்று. அவர்களும் பக்தியுடையவர்களே. தம் முன்னோர் கட்டிய கோயிலில் தம் முன்னோர் அமர்ந்த இடம் பறிபோவதாக அவர்கள் உணர்ந்தார்கள். குற்றம் ஒரு சமூகத்தின் மேலது என்று கூறி மற்றவர்கள் தப்பித்துக்கொள்ளவும் இயலாது. வடக்கன்குளத்தில் சுவரை எதிர்த்தவர்களின் ஊர்களிலேயே, அவர்களுக்கும் கீழாக எண்ணப்பட்டோர்க்கு என்ன இடம் கிடைத்தது என்று கேட்டால் விடை மனநிறைவு தருவதாக இராது. சாதி என்னும் ஏணியில் மேற்படியை எதிர்ப்பவன் கீழ்ப்படியை மறந்துவிடுவது தமிழ்நாடு முழுவதும் கண்ட உண்மை. இந்தியக் கத்தோலிக்க மேற்றிராணிமார் பேரவை 2016-ஆம் ஆண்டில் தலித் மக்கள் மேம்பாட்டிற்கான கொள்கை ஒன்றை வெளியிட்டு, திருச்சபைக்குள்ளும் சாதி வேற்றுமை நிலவுவதை ஒப்புக்கொண்டது. வடக்கன்குளத்துச் சுவர் விழுந்து நூறாண்டு கடந்த பின்னரும் அதைக் கூற வேண்டியிருந்தது என்றால், இடிக்க வேண்டிய சுவர்கள் யாவும் செங்கற்சுவர்கள் அல்ல என்பது தெளிவு.

கதையின் இறுதிப் பகுதி நம் காலத்தது. தேவசகாயம் 2012 டிசம்பர் 2-ஆம் நாள் முத்திப்பேறு பெற்றவராக அறிவிக்கப்பட்டார். அவரைப் புனிதராக உயர்த்தும் முயற்சி நடைபெற்றபோது ஒரு சிறு வினா எழுந்தது. சாதி வேற்றுமை கூடாது என்று கூறி உயிர் நீத்தவரின் பெயரோடு 'பிள்ளை' என்னும் சாதிப்பட்டம் ஒட்டிக்கொண்டிருக்கலாமா? உரோமாபுரிக்கு முறையீடு சென்றது. 2020-ஆம் ஆண்டில் அப்பட்டம் நீக்கப்பட்டது. 2022 மே 15-ஆம் நாள் வத்திக்கானில் பிரான்சிஸ் பாப்பரசர் அவரைப் புனிதர் எனப் பறைசாற்றினார். ஞானஸ்நானம் பெற்று இருநூற்றெழுபத்தேழு ஆண்டுகளுக்குப் பின்னர் அவர் வெறும் தேவசகாயம் ஆனார். அவர் பெயரோடு ஒட்டியிருந்த சுவரும் அன்றுதான் முழுவதும் விழுந்தது.

சுவரை இடிப்பது ஒருநாள் வேலை. ஆனால் இரு கால்களாய்ப் பிரித்துக் கட்டிய கோயிலை நேராக்க எந்தக் கொத்தனாராலும் இயலாது. சுவர் போன பின்னும் வடிவம் நின்றுவிடுகின்றது. அதில் வருந்துவதற்கு ஒன்றும் இல்லை என்பேன். வடிவம் நிற்பதே நல்லது. ஏன் இக்கோயில் இவ்வாறு இருந்தது என்று கேட்கும் பிள்ளைக்கு ஒரு விடை கூறியாக வேண்டும் அல்லவா? அவ்விடையைக் கூறும்போதெல்லாம் ஒரு தலைமுறை தன் முன்னோரின் தவற்றைத் தன் வாயாலேயே ஒப்புக்கொள்கின்றது.

நீங்கள் வாழும் ஊரிலும் இத்தகைய ஆவணங்கள் இருக்கும். ஒரே தெருவில் இரண்டு கிணறுகள் ஏன்? ஒரே ஊருக்கு இரண்டு சுடுகாடுகள் ஏன்? பெரியோர் நினைவில் உள்ள பழைய தேநீர்க் கடையில் இரண்டு வகைக் குவளைகள் ஏன் இருந்தன? கல்வெட்டுப் படிக்கத் தனிப் பயிற்சி வேண்டும். இவற்றைப் படிக்கக் கண்ணும் நேர்மையும் போதும். கேளுங்கள், எழுதி வையுங்கள். நாளை நீங்கள் ஒரு பள்ளியையோ, மண்டபத்தையோ, வீட்டையோ கட்டும் நிலைக்கு வரும்போது, யாரைப் பிரிப்பதற்காக ஒரு சுவரை எழுப்புகிறோம் என்று முதல் செங்கல்லை வைக்குமுன் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். வைத்த பின்னர் எண்ணுவது கடினம் என்பதை வடக்கன்குளத்தார் முப்பத்தெட்டு ஆண்டுகள் அனுபவித்து அறிந்தார்கள்.